வயிற்றில் தங்காத ஆங்கிலம்

கோவளத்திலிருந்து ஆம்புலன்சில் கொண்டுவரப்பட்ட அந்த ஆங்கிலேய மூதாட்டிக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும். முகம் வெளிறி, உதடுகள் காய்ந்துபோயிருந்தன. திருவனந்தபுரத்தின் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அன்று மாலை டியூட்டியில் இருந்த நர்ஸ் கட்டிலருகே போய், உடம்புக்கு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். மூதாட்டி களைத்த குரலில் பதில் சொன்னார்: “ஐ கான்ட் கீப் எனிதிங் டவுன்.”

எல்லாம் தெரிந்த சொற்கள்தான். 'கீப்' என்றால் வை. 'டவுன்' என்றால் கீழே. எதையோ கீழே வைக்க முடியவில்லை என்கிறார். நர்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். மூதாட்டியின் மடியில் ஒரு கைப்பை இருந்தது. அதை வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்தார். பிறகு டாக்டர் எழுதியிருந்த மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் இரண்டும் படுக்கை விரிப்பில் கிடந்தன.

மூதாட்டி சொன்னதன் அர்த்தம், “எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் தங்கவில்லை.” டியூட்டி டாக்டர் வந்து, மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்கும் டிரிப்ஸுக்கும் மாற்றினார். விபரீதம் ஒன்றும் நேரவில்லை. மூன்றாம் நாள் மூதாட்டி எழுந்து உட்கார்ந்து, கைப்பை விஷயத்தைச் சொல்லிச் சிரித்தார். நர்சும் சிரித்தார். ஆனால் ஹாஸ்டல் அறையில் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. இன்னும் ஆறு வாரத்தில் அவர் எழுத வேண்டியிருந்த பரீட்சையே இதைப் பற்றியதுதான்.

ஓ.இ.டி. என்ற மூன்றெழுத்து கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் நர்ஸ் இருக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவத் துறையினருக்கென்றே 1980-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவான ஆங்கிலத் தேர்வு. 2017 முதல் பிரிட்டனின் நர்ஸ் பதிவு மன்றமும் இதை ஏற்றுக்கொள்கிறது. கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 500-க்கு 350 வேண்டும். எழுதுவதில் 300 போதும். ஒரு முறை எழுத 500 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டணம். நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டும்.

அந்த நர்ஸ் ஒரு முறை எழுதித் தோற்றிருந்தார். படிப்பதிலும் எழுதுவதிலும் குறையில்லை. பேசுவதிலும் தேறிவிட்டார். கேட்பதில் மட்டும் 330. இருபது மதிப்பெண் தூரத்தில் லண்டன் நின்றுவிட்டது.

அவருக்கு வயது 31. குழித்துறைக்கு அருகே ஒரு கிராமம். 1956 நவம்பர் 1 வரை அந்த மண்ணும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததுதான். அன்று அவர்களுக்கும் தலைநகரம் திருவனந்தபுரம். எல்லை மாறினாலும் பிழைப்புக்கு வண்டியேறும் திசை பல குடும்பங்களுக்கு மாறவில்லை. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. மகளின் நர்சிங் படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடன் இன்னும் பாதி நிற்கிறது. முதல் தடவை பரீட்சைக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் போனது. இரண்டாம் தடவைக்குச் சீட்டுப் பணம். மூன்றாம் தடவை என்று ஒன்று கிடையாது என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

தம்பானூர் பகுதியில் அவர் காலை வேளையில் போய்வந்த பயிற்சி வகுப்பில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். நாற்பது பக்கம். 'கிவ் அப்' என்றால் கைவிடு, 'கிவ் இன்' என்றால் பணிந்துபோ, 'கிவ் அவே' என்றால் தானம் செய் அல்லது காட்டிக்கொடு என்று வரிவரியாகப் போகும். சின்ன வினைச்சொல் ஒன்று. அதன் வாலில் அப், டவுன், ஆஃப், அவுட் என்று ஓர் ஒட்டு. இரண்டும் சேர்ந்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது அர்த்தம். ஆங்கிலத்தில் இதற்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்று பெயர். நாளுக்கு பதினைந்து மனப்பாடம். வார விடுமுறையில் ஊருக்குப் போகும் ரயிலில், நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மூன்று நான்கு என்று கணக்கு வைத்து அவர் உருப்போட்டார். குழித்துறையில் இறங்கும்போது முதல் ஸ்டேஷன் மறந்துபோயிருக்கும்.

அதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1755-ல் புகழ்பெற்ற தன் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, அந்நியர்களை மிகவும் திணற அடிப்பது ஆங்கிலத்தின் இந்த ஒட்டு வேலைதான் என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1989-ல் வெளிவந்த கோபில்ட் அகராதி இத்தகைய சேர்க்கைகள் மட்டும் 3,000-க்கு மேல் திரட்டியது. 2007-ல் டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் மொழித் தொகுப்பை அலசினார்கள். அதில் வரும் ஃப்ரேசல் வெர்புகளில் பாதியை வெறும் நூறு சேர்க்கைகளே ஈடுகட்டுகின்றன என்பது நல்ல செய்தி. அந்த நூறில் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட அர்த்தம் என்பது கெட்ட செய்தி.

வகுப்பில் ஒரு நாள் நடந்தது இது. ஓ.இ.டி.யின் பேச்சுத் தேர்வு ஒரு சிறு நாடகம் போல. ஒருவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார்; தேர்வு எழுதுபவர் நர்சாகவே பேச வேண்டும். அம்மா மயங்கி விழுந்துவிட்டதாக மகனிடம் போனில் சொல்வது அன்றைய பயிற்சி. 'பாஸ் அவுட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பெண் பதற்றத்தில் 'பாஸ் அவே' என்று சொல்லிவிட்டார். மயங்கிய தாய் ஒரு நொடியில் செத்துப்போனார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “அங்கே போன் எடுப்பது நிஜ மகன்” என்றார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊரில் 'பாஸ் அவுட்' ஆகிறவர்கள் மயங்கி விழுவதில்லை. பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் பயிற்சி முடித்துப் போகும் வீரர்களுக்கு இன்றும் 'பாஸிங் அவுட்' அணிவகுப்புதான். அந்த அர்த்தத்தை நாம் கல்லூரிக்கும் நீட்டிக்கொண்டோம். தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் லண்டன் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு கிழவர் காலையில் 'பாஸ் அவுட்' ஆனேன் என்றால், நர்ஸ் வாழ்த்துச் சொல்லக்கூடாது.

அந்தச் சமயத்தில்தான் அறுவைசிகிச்சை வார்டுக்கு ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். வயது 85. கரமனையில் வீடு. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், ஆபீசில் ஆங்கிலம் என்று மூன்றிலும் வாழ்ந்தவர். 1963 முதல் 1995 வரை, 32 வருடம் கேரள அரசின் தலைமைச் செயலகத்தில் வேலை. செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றார். இரவு டியூட்டியில் மேசை விளக்கின் கீழே நர்ஸ் உதட்டை அசைத்து அசைத்து எதையோ படிப்பதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

“என்ன சிஸ்டர், சகஸ்ரநாமமா?”

“இல்ல சார். ஃப்ரேசல் வெர்ப்.”

பெரியவர் பட்டியலை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இதெல்லாம் நாங்க ஃபைல்ல எழுதினதாச்சே” என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய அந்த வெள்ளைத் தூண் கட்டடத்தில் ஆட்சி நடந்ததே இந்த ஒட்டுச் சொற்களால்தான் என்பது அவர் வாதம். குமாஸ்தா ஃபைலை மேலதிகாரிக்கு அனுப்பினால் 'புட் அப்'. அதிகாரி விசாரிக்கச் சொன்னால் 'லுக் இன்டு'. முடிவெடுக்க மனமில்லை என்றால் 'புட் ஆஃப்'. பணம் திரும்பி வராது என்று தெரிந்தால் 'ரைட் ஆஃப்'. “ஒரு ஃபைலோட ஆயுசே இவ்வளவுதான்” என்றார்.

பிறகு கேட்டார்: “சரி, விட்டுக்கொடுக்கறதுன்னா என்ன?”

“மத்தவங்களுக்காக நாம இறங்கிப் போறது சார்.”

“விடறது இருக்கு. கொடுக்கறது இருக்கு. இதுல எங்கேம்மா இறங்கறது வந்தது?”

நர்ஸ் யோசித்தார். பெரியவர் விடவில்லை. “போகட்டும். நீங்க சொன்ன 'இறங்கிப் போறது'ல எந்த மாடியிலேர்ந்து யார் இறங்கினா?”

நர்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரர் புரண்டு படுத்தார்.

அன்றிரவு இருவரும் ஒரு புதுப் பட்டியல் போட்டார்கள். போட்டுக்கொடுப்பது, அதில் போடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, கோள் சொல்வதுதான் இருக்கிறது. கண்டுபிடிப்பதில் பிடிக்க ஒன்றும் இல்லை. 'புட் ஆஃப்' என்பதைத் தமிழில் தள்ளிப்போடு என்கிறோம்; 'புட்' என்றால் போடு, 'ஆஃப்' என்றால் தள்ளி, சொல்லுக்குச் சொல் அதே சரக்கு. 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். அங்கேயும் பார்வை, இங்கேயும் பார்வை. வெறுமனே பார்ப்பதிலிருந்து பேணிக் காப்பதற்குப் போக அவர்களுக்கு ஓர் 'ஆஃப்டர்', நமக்கு ஒரு 'கொள்'. இறந்தவரை அவர்கள் 'பாஸ் அவே' என்கிறார்கள். நாம் போய்விட்டார் என்கிறோம். எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இவற்றை எல்லாம் நர்ஸ் எந்த வகுப்பிலும் மனப்பாடம் செய்யவில்லை. அம்மா பேசிக் கேட்டு வந்தவை. வெள்ளைக்காரக் குழந்தைக்கும் 'கீப் டவுன்' அப்படித்தான் வருகிறது. காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, கொடுத்த கஞ்சி தங்கியதா என்று ஒரு தாய் கேட்கும்போது வருகிறது.

நாம் ஆங்கிலம் கற்றது தாயிடம் அல்ல, புத்தகத்திடம். இதைச் சொல்ல அந்த நகரத்தில் பெரியவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது கடினம். அவர் யுனிவர்சிட்டி கல்லூரியில் படித்தவர். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தொடங்கிய இலவச ஆங்கிலப் பள்ளிதான் 1866-ல் கல்லூரியாக வளர்ந்து பின்னாளில் அந்தப் பெயர் பெற்றது. அங்கே தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் என்ற ஆங்கிலேயரின் கதை ஒன்றிலிருந்து 1891-ல் 'மனோன்மணீயம்' நாடகத்தைப் படைத்தார். தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்து எடுத்ததுதான். அந்த அளவுக்கு ஆங்கிலம் கரைகண்ட ஊர். “ஷேக்ஸ்பியர் சொல்லிக் கொடுத்தா. மில்டன் சொல்லிக் கொடுத்தா. வாந்தி வந்தா என்ன சொல்லணும்னு யாரும் சொல்லித் தரலை” என்றார் பெரியவர்.

காரணம் ஆங்கிலத்தின் சரித்திரத்தில் இருக்கிறது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சும் லத்தீனும் அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் படிப்பறைக்கும் போயின. அடுப்படியிலும் வயலிலும் பழைய ஆங்கிலச் சொற்கள் தங்கின. அதனால் ஒரே காரியத்துக்கு இன்றும் இரண்டு சொல். தள்ளிப்போட, புத்தகத்தில் 'போஸ்ட்போன்', வீட்டில் 'புட் ஆஃப்'. அணைக்க, புத்தகத்தில் 'எக்ஸ்டிங்குவிஷ்', வீட்டில் 'புட் அவுட்'. வாந்தியெடுக்க, கேஸ் ஷீட்டில் 'வாமிட்', நோயாளியின் வாயில் 'த்ரோ அப்'. தமிழ்ப் பத்திரிகையில் ஒருவர் காலமாவார். அவர் தெருவில் அவர் போய்விட்டார் என்பார்கள். அந்த வித்தியாசந்தான்.

நம் நர்சுகளுக்கு மயக்கத்தின் மருத்துவப் பெயர் தெரியும். ரத்த அழுத்தம் இறங்கியதை எழுதத் தெரியும். ஆனால் உடம்பு முடியாதவர் யாரும் புத்தக மொழியில் முனகுவதில்லை. வலி மாத்திரையின் வேகம் இறங்குவது 'வேர் ஆஃப்'. சளியை வெளியே கொண்டுவருவது 'பிரிங் அப்'. மயக்கம் தெளிவது 'கம் ரவுண்ட்'. பிழைத்து எழுவது 'புல் த்ரூ'. உடம்பு ஓய்ந்துபோயிருப்பது 'ரன் டவுன்'. கார் ஏற்றிவிட்டது என்று எழுதிவிட்டால் எக்ஸ்ரேக்கு அனுப்பிவிடுவார்கள். பிரிட்டனின் நர்ஸ் பதிவேட்டில் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்களில் ஆகப் பெரிய கூட்டம் இந்தியாவிலிருந்து போனவர்கள்தான். ஒவ்வொரு இரவும் அங்கே ஏதோ ஒரு கட்டிலில் ஒரு கிழவி இந்தச் சொற்களில் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கும் காது நம்முடையது.

பெரியவர் பட்டியலை அகர வரிசையில் படிப்பதை நிறுத்தச் சொன்னார். வாலைப் பிடிக்கச் சொன்னார். 'டவுன்' வந்தால் பெரும்பாலும் ஏதோ குறைகிறது: 'கட் டவுன்' என்றால் குறைத்துக்கொள்வது, 'காம் டவுன்' என்றால் அமைதியாவது. 'ஆஃப்' வந்தால் ஏதோ பிரிகிறது, விலகுகிறது. 'அப்' பல இடங்களில் ஒரு வேலையை முழுசாக முடிக்கிறது: 'ஈட் அப்', 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்'. நாம் சாப்பிட்டுவிடு, குடித்துவிடு என்று 'விடு' போடுகிற மாதிரி. எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. ஒரு படிவத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் நிரப்பப்படுவது ஒரே படிவந்தான். அப்படிப்பட்டதை மட்டும் உருப்போட்டால் போதும் என்றார். நாற்பது பக்கம் பதினோரு பக்கமாகச் சுருங்கியது.

பன்னிரண்டு நாளும் இரவு பத்து மணிக்கு மேல் வார்டில் இந்தப் பாடம் நடந்தது. பெரியவர் ஆங்கிலேய நோயாளியாக நடிப்பார். அதில் அவருக்கு அலாதி உற்சாகம். ஒரு நாள் அவர் வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் முனகியபோது நர்ஸ் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். பெரியவர் தமிழுக்கு மாறி, “இது நிஜம்மா” என்று சொன்ன பிறகுதான் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டார். நடிப்பு எது, நோவு எது என்று பிரித்துக் கேட்பதும் பாடத்தில் சேர்ந்தது.

டிஸ்சார்ஜ் நாள் வந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பெரியவர் லிஃப்ட் வரை நடந்தார். நர்ஸ் கூடவே போனார். கதவு திறந்ததும், “போயிட்டு” என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிறவரிடம் போயிட்டு வாங்க என்று சொல்லக் கூடாது. மறுபடி வரச் சொன்னதாகிவிடும். நர்சுகளுக்குள் எழுதப்படாத சட்டம் அது.

“பாத்துப் போங்க சார்” என்றார்.

“பாத்துப் போறது” என்று பெரியவர் விரலை உயர்த்தினார். “இதுவும் நம்ம லிஸ்ட்ல சேர்த்தி. 'டேக் கேர்'னு எழுதிக்கோ.” அதுவரை சிஸ்டர், நீங்க என்று பேசியவர் அப்போதுதான் முதல் முறையாக ஒருமைக்கு மாறினார்.

பரீட்சை முடிந்து சில வாரம் கழித்து முடிவு வந்தது. கேட்பதில் 370. நர்ஸ் முதலில் குழித்துறைக்குப் போன் செய்தார். அப்பா ஒன்றும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். “ஜெயிச்சிட்டியா மக்களே” என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். விசாவும் பயணச் சீட்டும் வர மேலும் சில மாதங்கள் ஆயின.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் கரமனைக்குப் போனார். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாக்கர் போய்க் கைத்தடி வந்திருந்தது. காபி வந்தது. பேச்சு அதிகம் இல்லை. அந்த ஆங்கிலேய மூதாட்டியின் கைப்பைக் கதையை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்.

நர்ஸ் எழுந்து, குனிந்து காலைத் தொட்டு நிமிர்ந்தார். “நான் போயிட்டு வாறேன் சார்.”

ஊரைவிட்டுக் கடல் கடந்து போகிறவரும் நம்மிடம் போகிறேன் என்று சொல்வதில்லை; வருவதையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போகிறார். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். 'கோ'வை வைத்துப் பார்த்தார், 'கம்'மை வைத்துப் பார்த்தார். எந்த ஒட்டும் ஒட்டவில்லை.

“அது அவா கிட்டே இல்லைம்மா” என்றார். “போயிட்டு வா.”